நூஹும் சொன்ன முப்பதாயிரம்

பமாகோ நகரில் எந்த வீட்டில் குழந்தைக்குப் பெயர் சூட்டினாலும் நூஹும் தெம்பெலே கேமராவோடு வந்து நிற்பான். யாரும் அழைக்க வேண்டியதில்லை. வந்தவர்களை எல்லாம் காலையிலேயே படம் பிடித்து, பக்கத்துக் கடைக்கு ஓடி அச்சுப் போட்டு, சாப்பாடு முடிவதற்குள் கொண்டுவந்து பாயில் பரப்பிவிடுவான். அவரவர் முகத்தை ஐநூறு பிராங்கு கொடுத்து அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காத முகங்கள் அவன் பைக்குள் போகும்.

அவன் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். புவியியல் படித்திருந்தான். மகன் தலைநகரில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறான் என்று ஊரில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அதைத் திருத்தியதில்லை.

விலைபோகாத அந்த முகங்களைக் கண்காட்சி நடத்தும் சிஸ்ஸோகோ அம்மாள் ஒருநாள் புரட்டிப் பார்த்தார். ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அண்டாக்களுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். கண்ணில் நீர் கொட்டுகிறது, வாயோ சிரிக்கிறது.

"இதைப் பெரிசாப் போடுங்க தம்பி. சுவத்துல மாட்டுறோம்."

படம் பெரிதானது. விலை என்ன வைக்கலாம் என்று அம்மாள் போனில் கேட்டபோது நூஹும் அச்சுக்கடை வரிசையில் நின்றிருந்தான். முன்னும் பின்னும் அவனைப்போல் படம் பிடிக்கும் தொழில்காரர்கள். காகிதத்துக்கும் சட்டத்துக்கும் பன்னிரண்டாயிரம் பிராங்கு செலவாகியிருந்தது. இருபது கேட்டால் நியாயம், முப்பது கேட்டால் பேராசை என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தான். கேட்கிற நேரத்தில் நாக்கு கூசியது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பம்பாரா மொழியில் "முப்பதாயிரம்" என்று முணுமுணுத்தான்.

அங்கேதான் சறுக்கினான். பம்பாராவில் பணத்தை ஐந்து பிராங்கு காசால்தான் எண்ணுவார்கள். வெங்காயக்காரி நூறு என்றால் ஐநூறு பிராங்கை நீட்ட வேண்டும். கல்லூரிக்குப் போய்வந்தவன், எண்ணை மட்டும் பிரெஞ்சுக் கணக்கில் சொல்லிவிட்டான். அம்மாளோ தினமும் சந்தைக்குப் போகிறவர். ஐந்தால் பெருக்கி எழுதிக்கொண்டார்.

கண்காட்சி தொடங்கிய நாள் மத்தியானம், படத்துக்குக் கீழே 1,50,000 பிராங்கு என்ற சீட்டைப் பார்த்ததும் அவனுக்குக் காது மடல் சுட்டது. திருத்தச் சொல்லலாம் என்று திரும்பினால், எதிரே ஸிரிமான் ஜாரா நின்றான். அவனும் படம் பிடிப்பவன்தான். ஜாராக்களுக்கும் தெம்பெலேக்களுக்கும் பரம்பரையாகவே கேலி உறவு. பயறு தின்னி என்று ஒருவரையொருவர் ஏசுவது வழக்கம், கோபிக்கக் கூடாது.

"டேய் பயறு தின்னி, ஒன்றரை லட்சமா? சட்டத்துக்குப் பின்னால பசுமாடு ஏதும் கட்டி வச்சிருக்கியா?"

"உங்க வம்சமே பயறு மூட்டை. நீ என்னைச் சொல்றியா?"

"சரி, வெளையாட்டை விடு. பக்கத்துப் படத்தைப் பாரு, நாலு லட்சம். நீ ஒண்ணும் அதிகமாக் கேட்டுடல."

இதற்குப் பிறகு போய், நான் சொன்னது முப்பதாயிரம்தான் என்று எப்படிச் சொல்வது? தன்னைத் தானே மலிவாக மதித்ததும் தெரிந்துவிடும், எண்ணத் தெரியாததும் தெரிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு, விலை தன்னுடையதுதான் என்பதுபோல் நின்றான்.

அப்போது அஸ்ஸித்தான் வந்தாள். படத்தில் இருப்பவள் அவள்தான். சந்தையில் கருவாடு விற்கிறாள். ஸிரிமான் அவள் தெருக்காரன், அவன்தான் சொல்லி அனுப்பியிருக்கிறான். சலவை மடிப்புக் கலையாத உடுப்பில் வந்து படத்தையும் நூஹுமையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை அன்னைக்கு அறுபதுக்குக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா தம்பி? காகிதம் என்ன மரத்துலயா காய்க்குதுன்னு கேட்டுட்டுப் பையில திணிச்சிக்கிட்ட."

அறுபது என்றால் முந்நூறு பிராங்கு. நூஹுமுக்கு ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கு நல்ல வெயில், அக்கா. ஏதோ எரிச்சல்ல…"

"அதை விடு. இரு, நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும்." சீட்டின் மேல் விரலை ஓட்டினாள். சந்தைக் கணக்கில் உதடு அசைந்தது. "முப்பதாயிரம். என் மூஞ்சிக்கா?"

தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பார்க்க வந்த பெண்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணீரைப் பற்றிக் கேட்டவர்களிடம், "வெங்காயந்தாம்மா, வேற துக்கம் ஒண்ணுமில்ல" என்றாள்.

அபிஜானிலிருந்து வந்திருந்த விடுதிக்காரர் ஒருவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு நூஹுமிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இந்த விலையை எப்படி வச்சீங்க?"

பேரம் பேசும் குரலே இல்லை. நூஹுமுக்கு அது புரியவில்லை. திருடிய பொருளோடு பிடிபட்டவன்போல் வியர்த்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தான்.

"மன்னிக்கணும் ஐயா. நான் சொன்னது முப்பதாயிரம் பிராங்குதான். கேட்டவங்க சந்தைக் கணக்குல எடுத்துக்கிட்டாங்க. நீங்க முப்பதே குடுங்க."

விடுதிக்காரர் சிரித்தார். "அப்ப எனக்கு இன்னைக்கு நல்ல நாள்." சிஸ்ஸோகோ அம்மாள் சீட்டில் பழைய எண்ணை அடித்துப் புதிதாக எழுதினார்.

அஸ்ஸித்தான் அதைப் படித்தாள். படத்தை விட்டு ஓரடி விலகி நின்றாள்.

"அன்னைக்கு எனக்கு ஒரு காசு குறைக்கல. இவருக்குக் கேக்காமலே குறைக்கிற."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஸிரிமான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

நூஹும் பின்னாலேயே போனான். தெருவில் அவள், ஆள் ஏற்றிப்போகும் பச்சை வேன்காரனோடு கட்டணத்துக்கு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்துக்கு மேல் ஒரு காசு தரமாட்டாளாம். கடைசியில் அவன் தலையில் அடித்துக்கொண்டு ஏறச் சொன்னான். நூஹும் நின்ற தூரத்துக்கு, அக்கா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். கூப்பிட அவனுக்கு முகமில்லை. வேன் கிளம்பிப் போயிற்று.

விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட வரச்சொல்லி அம்மாள் உள்ளிருந்து கூப்பிட்டார். போனான்.