மாமாவுக்குக் கிடைத்த கடைசி இடம்

எங்கள் வீட்டில் அத்தையின் கண்ணுக்குப் பயப்படாதவர்கள் யாரும் கிடையாது. அப்பாகூடக் கொஞ்சம் பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். இத்தனைக்கும் அவர் அத்தைக்கு அண்ணன், பனியன் கம்பெனிக்கு முதலாளி. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை, அதில் நாலைந்து தையல் மெஷின், ஒரு கட்டிங் மேசை, ஓரமாக ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலடிதான் அத்தையின் இடம். தைத்து வந்த பனியனுக்குள் இரண்டு கையையும் விட்டு விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். நூல் விட்ட இடம், ஊசி குத்திய ஓட்டை, எண்ணெய்க் கறை எதுவும் அவளிடம் தப்பாது. பழுதில்லாதது பஸ்ட். லேசான பழுது இருந்தால் செகண்ட்ஸ். மற்றதெல்லாம் வேஸ்ட்.

செக்கிங் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல சரக்கை நல்ல சரக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பேசாமல் ஒரு பக்கம் அடுக்கிவிடுவார்கள். பழுதைக் கண்டால்தான் வாய் திறக்கும். அத்தை அந்தப் பழக்கத்தைச் சாப்பாட்டிலும் விடவில்லை. ரசத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவினால், அன்றைக்கு ரசம் நன்றாக வாய்த்திருக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டுக்கொள்வாள்.

அத்தையிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் மாமா. அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு பேஸ்கட்பாலோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அப்பா அவரை ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தார். அவர் தைத்ததை அத்தை ஜன்னலடியில் இருந்தே திருப்பி வீசுவாள். அது குறி தப்பாமல் அவர் மடியில் வந்து விழும்.

"இது தையலுங்களா, இல்ல வாய்க்கா வரப்புங்களா?"

மாமா அதைப் பிரித்து மறுபடி தைப்பார். அத்தைக்கு என் மாமாவைக் கண்டாலே ஆகாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா கட்சியில் நான் ஒருத்திதான் உறுப்பினர்.

அந்தப் பந்து சும்மா இருக்கவில்லை. சலவை செய்த துணியைக் காயப்போடுகிற களம் எங்கள் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே துணி காயாது. மாமா கொல்லரிடம் சொல்லி இரண்டு இரும்பு வளையம் அடித்து, களத்தின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு மாட்டிவிட்டார். வலைக்கு எங்கே போவது? பனியன் துணிதான் குழாயாகவே வருகிறதே, அதில் ஒரு துண்டை வெட்டித் தொங்கவிட்டார்கள். முதல் நாள் மாமா எறிந்த பந்து அழகாக உள்ளே போனது, வெளியே வரவில்லை. பனியன் துணி இழுபட்டு, பந்து தூளியில் கிடக்கிற குழந்தையைப் போல அங்கேயே தொங்கியது. கட்டிங் மாஸ்டர் ஏணி வைத்து ஏறி, துணியைக் கத்தரித்து அகலப்படுத்திய பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

அக்கம்பக்கத்துக் கம்பெனி நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எங்கள் கட்டிங் மாஸ்டர் வந்தார். மங்கலத்தில் தறி ஓட்டுகிற ஒருவர் சைக்கிளில் வந்தார். ஆள் குறைகிறது என்று எங்கள் கணக்குப்பிள்ளையையும் வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி இழுத்து விட்டார்கள். பாவம், பந்து தன் பக்கம் வந்தால் அவர் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவார்.

இப்படி இருக்கும்போது மாமாவின் பழைய ஹாஸ்டல் நண்பர் ஒருவர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். அவர்கள் ஆடுகிற குழுவில் ஒரு ஆள் குறைவாம். உங்களுக்குள் ஒரு போட்டி வைத்து, யார் முதலிடமோ அவரை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சையில் தவறியதிலிருந்து அவரை யாரும் எதிலும் முதல் என்று சொன்னதில்லை. ஊருக்கும் உறவுக்கும் அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு திரிகிற பையன்தான். இதிலாவது ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று அவர் துடித்ததை நான் பார்த்தேன். என்னையும் ரயிலில் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய், அங்கே பூங்காவில் மான் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அதனால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற ஒரு குடும்பம் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நல்ல வசதியான இடம் என்று அப்பா வாய் குளிரப் பேசினார். அதில் எனக்கு அக்கறை இல்லை. அத்தை போனால் மாமா நிம்மதியாகத் தைக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

போட்டி வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. யார் எந்த இடம் என்று யார் சொல்வது? ஆளாளுக்குத் தன்னைத்தான் முதல் என்றார்கள். டீக்கடையில் கைகலப்பாகாத குறை. கடைசியில் கட்டிங் மாஸ்டர்தான் வழி சொன்னார்.

"நம்ம தொழில்ல சரக்கைத் தரம் பிரிக்கறது ஆருங்க? செக்கிங்தானுங்களே. அம்மணியே பாத்துச் சொல்லட்டுமுங்க. அம்மணி சொன்னா மறுபேச்சு உண்டுங்களா?"

ஆம்பிளைகள் ஆட்டத்துக்குப் பெண் பிள்ளை தீர்ப்புச் சொல்வதா என்று அப்பா முதலில் தயங்கினார். அப்புறம், இதுவும் செக்கிங்தானே என்று சமாதானம் ஆகிவிட்டார். வேலை என்று பேர் வைத்துவிட்டால் அப்பா எதற்கும் சம்மதிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை களத்து ஓரத்தில் அத்தைக்கு ஒரு முக்காலி போட்டார்கள். பக்கத்தில் அம்மாவும் நானும் கோணிப்பையை விரித்து உட்கார்ந்தோம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து மாற்றி மாற்றி ஆடினார்கள். மாமா அன்றைக்குப் பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே பார்த்தாலும் அவர்தான். பந்தைப் பறித்தவரும் அவர், போட்டவரும் அவர். முடியாத இடத்திலிருந்தும் எறிந்து பார்ப்பார், சிலது தவறும், தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஓடுவார்.

நடுவில் ஆட்டம் மறந்து எல்லாரும் சிரிக்கும்படி ஒன்று நடந்தது. கட்டிங் மாஸ்டர் பந்தை அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் போனவர், துணி அலசுகிற தொட்டிக்குள் மல்லாந்து விழுந்துவிட்டார். தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பியது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு பேர் கை கொடுத்து அவரைத் தூக்கினார்கள். மாமா மட்டும் எதிர்ப்பக்கத்தில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் முடிந்தது. எல்லாரும் வேர்வையோடு முக்காலிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மாமா பந்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"கணக்குப்பிள்ளை பஸ்ட்டுங்க" என்றாள் அத்தை.

கணக்குப்பிள்ளையே திரும்பிப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"அவரு பந்தையே தொடலியேம்மா" என்றார் அப்பா.

"தொடாட்டி என்னங்கண்ணா? பழுது ஒண்ணும் இல்லீங்களே."

அடுத்து கட்டிங் மாஸ்டர். பழுதில்லை. மங்கலத்துக்காரர். பழுதில்லை. இப்படியே ஒவ்வொருவராக நல்ல சரக்காக அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் மாமா மட்டும் மிச்சம் இருந்தார். அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

"இவங்க கடைசிங்க. மொத ஆட்டத்துல எட்டாத பந்துக்கு எட்டிக் குதிச்சாங்க, எறங்கறப்ப எடது கால் மடங்குச்சு. அப்பறம் அந்தக் காலை அழுத்தி ஊனவே இல்லீங்க. வேர்வையைச் சட்டைக் கையிலதான் தொடைக்கறாங்க, துண்டு வெச்சிருந்தும். பந்து போடறதுக்கு முந்தி நகத்தைக் கடிக்கறாங்க. தண்ணி ஒரு வாய்கூடக் குடிக்கலீங்க. போட்டது உள்ள போச்சுன்னா உடனே இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறாங்க, அதுல அடுத்த பந்து உட்டுப்போகுது. நடுவால ஒருக்கா ஷூ நாடா கட்டுனாங்க. அதையும் ஒழுங்காக் கட்டலீங்க, ஒரு பக்கம் நீளமா தொங்குது, பாருங்க."

எல்லாரும் குனிந்து மாமாவின் ஷூவைப் பார்த்தார்கள். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மாமாவின் முகம் சுண்டிப்போனது. அவர் கோயமுத்தூரும் போயிற்று, என் மானும் போயிற்று.

கட்டிங் மாஸ்டர் நேர்மையான மனுஷர். சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்ட, முன்னால் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நாந்தான் தொட்டிக்குள்ள உழுந்தனுங்களே. அது பழுதில்லீங்களா?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்புடீங்களா? எப்பங்க உழுந்தீங்க?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கோணிப்பையிலிருந்து எழுந்து நின்று, களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"மாஸ்டரு தொட்டியில உழுந்தப்பத்தானே மாமா நாடா கட்டுனாங்க! நாடா தெரிஞ்சுது, இத்தன பெரிய ஆளு உழுந்தது தெரியலியா? எப்புடித் தெரியும்? நீங்கதான் வேற ஆரையும் பாக்காம எங்க மாமாவையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே!"

மாமாவின் கையிலிருந்து பந்து நழுவி, உருண்டு போய், அதே தொட்டியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அத்தை முக்காலியை விட்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். வழியில் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள், கண்ணுக்கு எதுவும் தப்பாத அத்தை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். கட்டிங் மாஸ்டர்தான் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"கண்ணு, நீ வக்கீலுக்குப் படி சாமி."

கேஸில் நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போது நம்பினேன். எதிர்க்கட்சியிடம் பதில் இல்லையே. ஆனால் விசித்திரம் பாருங்கள், மாமா தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கேட்கவே இல்லை. சுண்டிப்போயிருந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தொங்குகிற நாடாவோடு, கால் தாங்கித் தாங்கி, களத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பந்தை எடுக்கக்கூடப் போகவில்லை. நான்தான் போய் எடுத்துவந்து கொடுத்தேன். "கோயமுத்தூருக்கு அப்பறம் போலாங் கண்ணு" என்றார். தோற்ற வருத்தத்தில் மாமாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

கோயமுத்தூருக்குக் கணக்குப்பிள்ளை போனார். போன அன்றைக்கே திரும்பியும் வந்துவிட்டார். அங்கே என்ன நடந்தது என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. காங்கேயத்துக்காரர்களுக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு ஆள் தொட்டியில் விழுந்ததைக் கோட்டைவிட்ட பெண்ணை எந்த எண்ணெய் மில்காரர் கட்டிக்கொள்வார்?

என்னால் பொறுக்க முடியாதது அதற்கப்புறம் நடந்ததுதான். தப்புச் செய்தவள் அத்தை. தண்டனையை என் மாமாவுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, அவளை அவர் தலையிலேயே கட்டிவைத்துவிட்டார்கள்.

முகூர்த்தத்தன்று நான் மணவறைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தேன். மாலை மாற்றி முடிந்ததும் அத்தை தலையைக் குனிந்தபடியே, பக்கத்திலிருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் மாமாவிடம் சொன்னாள்.

"மாலை ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்குதுங்க."

மாமா அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு சரிசெய்தார். ஆயுசு முழுக்க இந்த மனுஷர் பஸ்ட் வாங்கப் போவதில்லை என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று. கெட்டிமேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அவருக்காக நான் ஓவென்று அழுதேன்.