ஒரு விரற்கடைத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி முகூர்த்த நாட்களில் நடந்தது இது. தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், வீட்டு முன்னறையிலேயே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். அதுவரை ஒரு ஸ்டுடியோவுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு, என் சொந்தப் பெயரில் பிடித்த முதல் பெரிய ஆர்டர் அது. புதன்கிழமை கல்யாணம். வெள்ளி மாலை வேதாரண்யத்தில் மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு. அங்கே பெரிய திரையில் என் வீடியோ ஓட வேண்டும். ஓடாவிட்டால் அடுத்த ஆர்டர் என்ன, அந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது.

வியாழன் காலை வேலையில் உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் சூடேறி அணைந்துவிட்டது. என்னுடையதில் குழாய்கள் வழியாகக் கூலண்ட் திரவம் சுற்றிவந்து சூட்டைத் தணிக்கும். பார்த்தால் அதன் சின்னத் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இரண்டு வாரமாகவே ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாகக் குறைந்துகொண்டுதான் இருந்தது. சூட்டில் ஆவியாகிறது என்று நானும் சமர்த்தாக இரண்டு முறை ஊற்றி வைத்திருந்தேன். மூடிய குழாயில் இவ்வளவா ஆவியாகும்? என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

வந்த கோபத்துக்கு, கம்ப்யூட்டர் பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த தஞ்சாவூர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, அரைகுறையாக மாட்டித் தந்துவிட்டீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"குழாயை யாராச்சும் அசைச்சீங்களா மேடம்?"

"என் பெட்டிய என்னைத் தவிர ஒருத்தரும் தொட மாட்டாங்க."

கொண்டுவந்தால் நான்கு நாளில் பார்த்துத் தருகிறேன் என்றார். அதற்குள் கல்யாணப் பொண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த என் கணவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "நண்டு வளை விழுந்திருக்கு. மடைய அடைச்சுப் பாரு" என்றார் கேலியாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அடுத்த நொடியே உறைத்தது. வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் நாங்கள் கண்ட இடத்தில் வரப்பை வெட்டுவதில்லை. மடைகளை அடைத்து, குச்சி நட்டு மட்டம் பார்ப்போம். பிறகு வரப்பைச் சுற்றி நடந்து, ஈரம் கசிகிற இடத்தில் நண்டு வளையைத் தேடுவோம்.

தொட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். அணைத்து வைத்த இரண்டு மணி நேரத்தில் மட்டம் இறங்கவில்லை. ஆக, ஓடும்போதுதான் போகிறது. கம்ப்யூட்டரை எழுப்பாமல் பம்பை மட்டும் ஓட்டும் வழி கையேட்டில் இருந்தது. குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. கடைசியாக, சுவர்ப் பக்கம் கண்ணில் படாத இணைப்பில் மட்டும் பேப்பர் நனைந்து வந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே ஒரு வாழைநார் முடிச்சு, அதில் இரண்டு காய்ந்த பூ. ஆயுத பூஜையன்று பெட்டியைத் திறந்து துடைத்து, பொட்டு வைத்து, இந்தக் குழாய்தானே இதற்கு உயிர் என்று கதம்பச் சரத்தை அதில் இறுக்கிக் கட்டியது நானேதான். மறுநாள் சரத்தை வெடுக்கென்று இழுத்ததில் குழாய் கோணி, உள்ளே ரப்பர் வளையம் விலகியிருக்கிறது. சொட்டுச் சொட்டாகக் கசிந்தது பெட்டியின் சூட்டிலேயே காய்ந்துபோனதால் தெரியவில்லை.

வெட்கம் பார்த்தால் ஆகுமா? அதே கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க. நானும் கடையில பூ போடுவேன். ஆனா மூடிமேல" என்றார். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கூலண்டை வடித்து, நாரை வெட்டி, வளையத்தைச் சரியாக உட்காரவைத்து, கையாலேயே முடுக்கினேன். ஈரத்தை ஒற்றிக் காயவிட்டு, மறுபடி ஊற்றிப் பம்பை ஓட்டினேன். பேப்பர் மொறமொறவென்று வந்தது. நான் போட்ட சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் எச்சில் கையோடு ஓடிவந்தார்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து வீடியோவை முடித்தேன். வெள்ளி மாலை வேதாரண்யம் மண்டபத்தில், திரையில் தாலி ஏறும் காட்சி வந்தபோது பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முடிந்ததும், படகு வைத்திருக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைத் தேடி வந்து, "தையில எங்க பொண்ணு கல்யாணம். நீங்கதாங்க செய்யணும்" என்றார். ஏதோ பெரிய ராஜாத்தி போலத் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இணைப்பு இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனாலும் எது பழுதானாலும் அடுத்தவரை ஏச வாய் துடிக்கும்போது, முதலில் என் கையைத்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் பூ வாசம் அடித்தாலும் நம்புவதில்லை.