ஒற்றை எண்ணுக்கு ஒரு ஆள்

புள்ளிக்காரர் ஒரு விசையைத் தட்டினால் ஏழு கடல் தாண்டியும் கணினிகள் எழுந்து நிற்கும். சரி, ஏழு கடல் கொஞ்சம் அதிகம்தான். நகரத்துக் கடைகளின் பில் மெஷின்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மெஷின்களை ஓட்டும் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியானதும் எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர் மட்டும் உட்கார்ந்து, செட்டிங்ஸில் இருக்கும் பதிப்பு எண்ணை நாலு புள்ளி இரண்டிலிருந்து நாலு புள்ளி மூன்றாக்குவார். அடுத்து அனுப்பப்போவதற்கு அதுதான் பெயர். அந்தப் புள்ளியால்தான் அவருக்கும் பெயர்.

"ஒத்தை நம்பரை மாத்த ஒரு ஆளா? வேற வேலை பாத்துக்குங்கண்ணே," என்றார் புது மேனேஜர், வெளியீட்டு நாளும் அதுவுமாக.

அன்று புள்ளிக்காரர் எண்ணை மாற்ற மறந்துபோனார். மறுநாள் வரிக்கணக்கில் இருந்த ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார்கள். அதுவும் நாலு புள்ளி இரண்டு என்றே போனதால், ஒரு மெஷினும் அதைத் தொடவில்லை. கடைக்காரர்கள் மேனேஜரை ஃபோனிலேயே வறுத்தெடுத்தார்கள்.

"அண்ணே, என்னண்ணே இது?"

"புது ஆளைப் பழைய பேர்ல அனுப்பினா, 'நீதான் ஏற்கனவே உள்ள இருக்கியே'ன்னு மெஷின் கதவைச் சாத்திடும் தம்பி."

இரண்டை மூன்றாக்கினார். மெஷின்கள் சமர்த்தாக வாங்கிக்கொண்டன. வேலையும் நிலைத்தது. மறதியால் பிழைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று கதையை முடிக்கலாம். ஆனால் புள்ளிக்காரர் வீட்டில் இதைச் சொன்னபோது, காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விடவில்லை.

"மறதியா? அன்னைக்குச் சீக்கிரமே வந்து, 'நாளைக்குத் தெரியும் ஒத்தை நம்பரோட அருமை'ன்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாரே!"