ரோட்டில் நான் வேண்டிக்கொண்டது

எல்லாருக்கும் வணக்கம். நான் லாரி ஓட்டியவன், மேடையில் பேசிப் பழக்கமில்லை. முனியாண்டி எனக்குச் செய்ததைச் சொல்லும்படி கோயிலில் கேட்டார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சில வருடங்களுக்கு முன், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. காய்கறி ஏற்ற முதலாளி புது லாரி வாங்கியிருந்தார். அதை எஸ்டேட் முச்சந்தியில், நம் முனியாண்டி முன்னால் நிறுத்தினேன். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சுருட்டும் மூன்று பாட்டில் ஸ்டவுட் பீரும் படைத்தேன். உங்களுக்குத் தெரியாததா? சாமிக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தை நாம்தான் குடிப்போம். அன்று என்னோடு குடிக்க யாரும் வரவில்லை. மிச்சம் முழுவதையும் நானே குடித்தேன்.

பூசைக்கு வந்திருந்த என் மனைவி கமலா லாரிச் சாவியைக் கொடுக்கவில்லை. "கொஞ்சம் படுத்துட்டுப் போங்களேன்" என்றாள்.

"அடிப் போடி! இது என்ன தண்ணியா? பிரசாதம்லா. சாமி பார்த்துக்கும்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

கோலா தெர்லாவுக்குக் காய் ஏற்றப் போகும் வழி. கியா பார்ம் ஊரைத் தாண்டி மலை இறக்கத்தில் ஒரு வளைவு. நான் எதிர்ப்பக்கம் ஏறிப் போனதே எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த லெட்சுமி அக்காவை அடித்துத் தூக்கினேன். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர். நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். தலையில் ரத்தத்தோடு ரோட்டில் கிடந்தார். நான் பக்கத்தில் விழுந்து "முனியாண்டி! முனியாண்டி!" என்று கத்தினேன்.

போலீஸ் வந்தது. நம் தமிழ்ப் பையன்தான். மெஷினை நீட்டி, "ஊதுங்கண்ணே" என்றான்.

"சார், இது சாமி பிரசாதம் சார்."

"பிரசாதமோ பீரோ, மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான்லா, ஊதுங்க."

ஊதினேன். காட்டிவிட்டது.

லாக்கப்பில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கு நினைவு வரவில்லை என்றார்கள். தரையில் நெற்றியை வைத்து அழுதேன். 'நான் வெளியே வரவே வேண்டாம், அக்கா கண் திறந்தால் போதும்' என்று கேட்டேன். மூன்றாம் நாள் கமலா வந்தாள். "அக்கா முழிச்சுட்டாங்க, தண்ணி கேட்டாங்க" என்றாள். முனியாண்டி கேட்டுவிட்டார்.

இப்போது சட்டம் பழைய மாதிரி இல்லை. குடித்துவிட்டு ஓட்டி ஆளை அடித்தால் வருடக்கணக்கில் உள்ளே போக வேண்டும். 'செஞ்சேன்' என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டேன், போனேன். லைசென்சும் போனது. அதற்குப் பிறகு இங்கே டிரைவர்கள் யாரும் பூசை முடிந்து பாட்டிலைத் தொடுவதில்லையாம். முதலில் பயந்துதான் விட்டார்கள். பயத்தில் விட்டால் என்ன, ரோட்டில் யாரும் கிடக்கவில்லையே.

வெளியே வந்ததும் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து தேத்தண்ணி கொடுத்தார். "ரோட்ல கிடந்தப்போ நீ முனியாண்டின்னு கத்துனது காதுல விழுந்துச்சுப்பா. எனக்காக வேண்டிக்கிட்டே, அதான் பொழச்சேன்" என்றார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். சீ, நானும் ஒரு மனுஷனா?

அக்கா, இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். ரோட்டில் நான் கத்தியது உங்களுக்காக இல்லை. 'மெஷின்ல காட்டக்கூடாது, உனக்குக் கிடா வெட்டுறேன்' என்றுதான் வேண்டிக்கொண்டேன். நீங்கள் ரத்தத்தில் கிடக்கும்போது.

அந்த வேண்டுதலை முனியாண்டி தள்ளிவிட்டார். அதற்கும் சேர்த்துத்தான் இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். இன்று இளநீர்தான் படைத்திருக்கிறேன். அவரை நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கேட்பார். குடித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் போகாதீர்கள்.

அக்கா, நீங்கள் எழுந்து போனாலும் சரி. நான் இங்கேயேதான் நிற்பேன்.