அருவிக்குப் போன குடங்கள்

ராயபுரத்தில் ஐரீன் குடியிருக்கும் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால், முதலில் வந்து நிற்பது அவள் குரல்தான். ஆள் பிறகு வந்து சேருவாள். "வரிசைல வாங்க! வூட்டுக்கு ஆறு கொடம்! எவளாச்சும் ஏழாவது கொடம் வெச்சீங்க, லாரிக்கு அடில போட்டு நசுக்கிடுவேன்!" என்று ஒரு சத்தம் போட்டால் லாரி டிரைவரே மிரண்டுபோய் இன்ஜினை அணைத்துவிடுவார். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் காபி கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தவள் கையில் மாமியார் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தார். அன்றைக்குத் தூக்க ஆரம்பித்தவள். முப்பத்தொரு வருடமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். குடம்தான் நாலைந்து தடவை மாறியது, நிறம் மட்டும் பச்சையேதான்.

அந்த ஆறு குடத்தில் சமையல், பாத்திரம், துணி எல்லாம் போக மிச்சம் அரை பக்கெட் அவள் குளியலுக்கு. அதிலும் முகத்தில் சோப்பு இருக்கும்போதே கதவுக்கு வெளியிலிருந்து "ஆச்சா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு நாளாவது அருவியில் நிற்க வேண்டும். தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், "ஆச்சா?" என்று ஒரு பயல் கேட்கக் கூடாது.

அவள் கணவர் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இருபது டன் கன்டெய்னரை அரை அங்குலம் பிசகாமல் இறக்கிவிடுவார். மனைவிக்குக் கொடுத்த வாக்கை மட்டும் முப்பத்தொரு வருடமாக அந்தரத்திலேயே தொங்கவிட்டிருந்தார். "அடுத்த வருஷம் கண்டிப்பா இட்டுகினு போறேன் ஐரீனு" என்பார். ஒருவழியாக ரிட்டயரான கையோடு, இந்த மே மாதம் ஒரு வேன் பிடித்தார். சந்திலிருந்து ஐந்து குடும்பம். ஜவ்வாது மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கோடை விழா, ஏரியில் படகு, மலர்க் கண்காட்சி, எல்லாவற்றுக்கும் மேலாக அருவி.

வீட்டுக்கு இரண்டு குடம் எடுத்துவரச் சொல்லி ஐரீன் உத்தரவு போட்டாள். மளிகைக்கடை தவசிமுத்து தென்காசிப் பக்கத்துக்காரர், அருவி பார்த்து அலுத்தவர். "எக்கா, அருவிக்குப் போறதுக்குக் கொடம் எதுக்கு?" என்று கேட்டார்.

"போற எடத்துல தண்ணி வரலன்னா இன்னா பண்ணுவ?"

வேனே சிரித்தது. அருவியில் எங்கேயாவது தண்ணீர் வராமல் போகுமா?

வரவில்லை. பாறை இருந்தது. வழுக்கும், ஜாக்கிரதை என்று பலகை இருந்தது. பெண்கள் துணி மாற்ற ஓர் அறைகூட இருந்தது. மேலேயிருந்து இறங்கி வந்தது ஒரு குரங்கு மட்டும்தான். அதுவும் தவசிமுத்துவின் முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலேயே போய்விட்டது.

"மழை பெஞ்சாத்தான அருவி. மே மாசத்துல எவன் வருவான்?" என்றார் தவசிமுத்து, வந்தவர்களில் தாமும் ஒருவர் என்பதை மறந்து.

ஐரீன் பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள். அவள் கத்தினால் ஸ்டானிஸ்லாஸ் சமாளித்துவிடுவார், கத்தாமல் போனால்தான் அவருக்குப் பயம். சமாதானத்துக்கு அவளைப் படகுக்குக் கூட்டிப்போனார். காலால் மிதிக்கிற படகு. அவர் முன்னால் போக மிதித்தார், அவள் கோபத்தில் பின்னால் மிதித்தாள். படகு நின்ற இடத்திலேயே மூச்சுமுட்ட நின்றது. கப்பல்களுக்கு நடுவே காலம் தள்ளிய மனுஷனைக் கரையிலிருந்து கயிறு போட்டு இழுத்தார்கள்.

மலர்க் கண்காட்சிக்கு வந்து, ரோஜாவால் செய்த யானையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் அந்த ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி.

பிறகு நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து குடும்பமும் வேனுக்கு ஓடியது. ஒரே நிமிடத்தில் பத்துக் குடங்கள் லாரிக்குப் பின்னால் வரிசையாக நின்றன. "வரிசைல வாங்க! வூட்டுக்கு ரெண்டு கொடம்!" என்று ஐரீனின் குரல் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, என்ன ஏதென்று தெரியாமல் பாட்டிலோடு வந்து கடைசியில் நின்றுகொண்டது.

லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் ரகுபதி மலங்க மலங்க விழித்தார். "ஏம்மா, இது பூச்செடிக்கு ஊத்துற தண்ணிம்மா!"

ஐரீன் தன் கையிலிருந்த பச்சைக் குடத்தைப் பார்த்தாள். அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். "இம்மாந் தூரம் வந்தும் கொடத்தத்தானே தூக்கிகினு நிக்கறேன்!"

எல்லோருக்கும் கஷ்டமாகிவிட்டது. விஷயத்தைக் கேட்ட ரகுபதி தலையைச் சொறிந்தார். "அருவி இல்லன்னா போவுதும்மா. இந்தத் தண்ணி எங்க கெணத்துத் தண்ணிதான். செடிக்கு ஊத்திட்டு மறுபடி ரொப்பத்தான் போறேன், பின்னாடியே வாங்க."

கிணற்றடியில் மோட்டார் போட்டதும், தொடை பருமனுள்ள குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் பாய்ந்தது. ஐரீன் புடவையோடு அடியில் போய் நின்றாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அலறிக்கொண்டு வெளியே குதித்தாள். "அய்யோ, வேஸ்ட்டா போவுதே! கொடத்த எட்தாங்க!"

பத்துக் குடமும் நிரம்பின. தண்ணீர் நிற்கிற வழியாகத் தெரியவில்லை.

"ஒரு சொட்டும் வீணாவாதும்மா. வழியறதெல்லாம் கீழ எங்க கத்தரித் தோட்டத்துக்குத்தான் போவுது. கரண்டு இருக்கிற வரைக்கும் நில்லுங்க" என்றார் ரகுபதி.

ஐரீன் லேசில் நம்புகிற ஆளா? ஈரப் புடவையோடு வாய்க்கால் ஓரமாகவே நடந்துபோய், கத்தரிச் செடிகளின் காலடியில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். பச்சைக் குடத்தின் தண்ணீரைத் தொட்டியிலேயே கொட்டிவிட்டு, குடத்தைக் கணவர் கையில் கொடுத்தாள். பிறகு போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

தொட்டித் தண்ணீரில் லாரி நிரம்பியது, செடிக்குப் போனது, திரும்பியும் வந்தது. அவள் நகரவில்லை. வேன் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். எல்லோரும் ஜாடை காட்ட, ஸ்டானிஸ்லாஸ் தயங்கித் தயங்கிக் கிட்டே போனார்.

"ஐரீனு... ஆச்சா?"

கண்ணைத் திறக்காமலே தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வரிசைல நில்லுய்யா."

ஸ்டானிஸ்லாஸ் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.