அடைமழையில் உதிர்ந்த வில்லைகள்

“...ஆயிரத்து நானூறு டிகிரியத் தாங்குனது, அஞ்சு நாள் மழக்காத்தத் தாங்கலியேண்ணே!”

அப்படிச் சொன்ன பெண்ணின் கையில் ஒரு தட்டு இருந்தது. தீபாவளி விடுப்புக்கு முன் நான் உலையிலிருந்து எடுத்துவைத்த நாலு பீங்கான் வில்லைகள் அதில் இருந்திருக்க வேண்டும். இருந்தது வெளிர்மஞ்சள் தூள். ஒன்று மட்டும் பாதி வட்டமாக மிஞ்சியிருந்தது. அவள் விரல் பட்டதும் அதுவும் சரிந்தது.

காரைக்காலில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உலை பார்ப்பது என் வேலை. அதற்காகப் படித்தவன் இல்லை. பத்தாவதோடு எங்கள் கிராமம் போலகத்திலிருந்து டைல்ஸ் கம்பெனிக்குப் போனேன். சூளை வாசலில் நின்று நின்று கற்றதுதான் எல்லாம். அங்கே டைல் வளைந்துபோனால் “கோவிச்சுக்கிச்சு” என்பார்கள், விரிசல் விட்டால் “வாயத் தொறந்துருச்சு” என்பார்கள். தூளாகிப் போவதற்கு அவர்களிடம் ஒரு பேச்சும் கிடையாது. ஒருமுறை வெந்து வந்தது திரும்பவும் பொடியாகி நானும் அதுவரை பார்த்ததில்லை.

அவள் ஆராய்ச்சி மாணவி, முப்பதைத் தாண்டியவள், உள்ளூர்க்காரி. கணவர் துபாயில். எரிபொருள் மின்கலத்துக்கு வில்லை செய்வது அவள் ஆராய்ச்சி. அது என்ன என்று முதல் வாரத்திலேயே கேட்டேன். “கேஸ எரிக்காமலே கரண்டு எடுக்கறதுண்ணே. ஒரு பக்கம் ஹைட்ரஜன், ஒரு பக்கம் காத்து, நடுவுல சுவரு மாதிரி இந்த வில்லை. அறுநூறு டிகிரில வருசக்கணக்கா நிக்கணும். அவ்வளவுதான்” என்றாள். அந்த ‘அவ்வளவுதான்’ ஐந்து வருஷத்தைத் தின்றுவிட்டது. “இத்தன வருசமா வில்லை சுடுறியே, அதுக்கு எறா வச்சு வாடா சுட்டிருந்தா நாலு பேரு தின்னுருப்பாங்க” என்று மாமியார் சொன்னாராம். வாடா என்பது எங்கள் பக்கத்து இறால் பலகாரம். சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றிருக்கும்.

வியாழக்கிழமை அவள் ஆராய்ச்சியை மதிப்பிடும் ஆய்வுக்குழு கூடுகிறது. அவளுக்குக் கிடைத்தது கடைசி நீட்டிப்பு. அன்று ஒரு வில்லையையாவது அளந்து காட்டாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். இது திங்கட்கிழமை காலை.

“சன்னல் தொறந்தா இருந்துச்சு?”

“நான்தான்ம்மா தொறந்தேன்.”

உலை அணைந்த அறை வெக்கையாக இருக்கும். மதியம் கடல்காற்று கிளம்பினால் சன்னலைத் திறப்பது இந்த ஊரில் கை தானாகச் செய்கிற காரியம். ஆறியதும் வில்லைகளை டப்பாவில் போட்டு மூடச் சொல்லியிருந்தாள். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். பிறகு பண்டிகை ஞாபகத்தில் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவேயில்லை.

“காத்து வாங்க ஒங்களுக்கு பீச்சு பத்தலியாண்ணே?” என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

அவளுடைய பேராசிரியர் வெளியூரில் இருந்தார். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை.

“அந்த வில்லை செஞ்ச பொடி, இன்னும் சுடாதது, மிச்சம் இருக்கா?”

“ஒரு தடவைக்கு இருக்கு சார்.”

“அதையே சுடும்மா. ஈரம் படாம மூடிக் கொண்டாந்து அளந்து காட்டிரு. அதுலதான் ரீடிங் பிரமாதமா வருது, அவங்க அதத்தான் பாப்பாங்க. மழை விஷயத்த நீ ஏன் எடுக்கறே?”

அவளிடம் இன்னொரு பொடியும் இருந்தது, சிர்கோனியம் சேர்த்தது. ஈரக்காற்று பட்டாலும் அது உதிராது என்று முன்பே சொல்லியிருந்தாள். அதைச் சுட இன்னும் அதிக சூடு வேண்டும். வில்லையில் ஓடும் மின்சாரமும் குறைவு. அதனால் ஒரு வருஷமாக அலமாரியில் கிடந்தது. உலை மெதுவாக ஏறி மெதுவாக இறங்க இரண்டு நாள் ஆகும். இரண்டுக்கும் வேறு வேறு சூடு என்பதால் சேர்த்துச் சுட முடியாது. வியாழனுக்குள் ஒரே ஒரு சூடுதான்.

“சார் சொல்றதும் ஞாயந்தானேம்மா” என்றேன். “தப்பு என்னுது. சன்னல மூடியிருந்தா இது நடந்தே இருக்காது.”

“நடந்திருக்கும்ணே. இங்க நடந்திருக்காது, அவ்வளவுதான்.” தட்டை மேசைமேல் வைத்தாள். “மின்கலம் ஓடுறப்ப தண்ணிய அதுவே உண்டாக்குது. சூடா இருக்கற வரைக்கும் அந்த ஆவி இத ஒண்ணும் பண்ணாது. கொதிக்கக் கொதிக்க நல்லாத்தான் நிக்கும். மிஷின நிறுத்தி ஆறுறப்ப அந்த ஈரம் எங்க போவும்? அப்ப எந்தச் சன்னல மூடுவீங்க?”

சூளைக்காரனாக நான் சூட்டுக்கு மட்டுமே பயந்து பழகியவன்.

“சிர்கோனியம் பொடில ரீடிங் கம்மியா வருமே. கமிட்டி ஒத்துக்கலன்னா?”

“ஒத்துக்கலன்னா என்னன்னு எனக்குந் தெரியும்ல.”

மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, தூளைச் சிந்தாமல் அதில் தட்டி மடித்தாள். மடிப்பின்மேல் ‘ஐந்து நாள், ஈரக்காற்று, மூடாமல் வைத்தது’ என்று எழுதி, வியாழக்கிழமைக்கான கோப்பின் முதல் பக்கத்தோடு சேர்த்துப் பின் அடித்தாள். அலமாரியைத் திறந்து சிர்கோனியம் கலந்த டப்பாவை எடுத்துத் தராசில் நிறுக்கத் தொடங்கினாள்.