பூபதியின் இடது கால்

1. ஓடுபாதையின் ஓரம்

சக்கரம் தரையைத் தொட்டது நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நொடி நேராக ஓடினோம். வேகம் குறையக் குறைய விமானத்தின் மூக்கு இடது பக்கம் திரும்பியது. நான் என் பக்கத்து வலது பெடலை ஓங்கி மிதித்து நிறுத்தியபோது, ஓடுபாதை ஓரத்து விளக்குக்கும் எங்கள் செஸ்னா பயிற்சி விமானத்தின் இடது சக்கரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடைவெளி.

“எங்கடா கூட்டிட்டுப் போற என்னை?” என்று கத்தினேன்.

“தெரியலீங்க மேடம். காலு தானாப் போவுதுங்க” என்றான் பூபதி. முகத்தில் ரத்தமே இல்லை.

நான் சேலத்துக்கு வெளியே ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். பூபதி எருமப்பட்டிக்காரன். இருபத்தேழு வயது. அவனோடு சேர்ந்தவர்கள் எல்லாம் தனியாகப் பறந்து முடித்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். இவன் மட்டும் இருபத்தெட்டு மணி நேரம் என்னோடு பறந்தும் இந்த இடது பக்கத்து இழுப்பை விடவில்லை. சில நாள் வராது, பல நாள் வரும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று சாயங்காலம் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசமாட்டார்.

“ஒன் மோர் செக், மேடம். பதினஞ்சு நாள் டைம். நானே கூட உக்காருவேன். அதுலயும் இழுத்தான்னா ட்ரெய்னிங்க நிறுத்திடலாம். அவனுக்கும் நல்லது, நம்ம விமானத்துக்கும் நல்லது.”

2. அவன் கடந்து வந்த தூரம்

பைலட் ஆக என்ன படிக்க வேண்டும் என்று இப்போதும் பிள்ளைகள் போன் செய்து கேட்கிறார்கள். பூபதியின் கதையைச் சொன்னாலே பாதி பதில் வந்துவிடும்.

அவன் அப்பாவுக்குப் போர்வெல் ரிக் தொழில். பூபதி பிளஸ் டூவில் காமர்ஸ் படித்துவிட்டு நேராக ரிக் லாரியில் ஏறியவன். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே. ஒருமுறை திரும்பி வந்தபோது அவனுடைய கைக்குழந்தை அவனைப் பார்த்து வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டதாம். யாரோ வேற்றாள் என்று நினைத்துவிட்டது. “அன்னிக்கு முடிவு பண்ணினனுங்க மேடம். நாலு நாளைக்கு ஒருக்கா ஊட்டுக்கு வர்ற மாதிரி ஒரு வேல வேணும்னு” என்றான். சத்தீஸ்கரில் ஒரு விமானத் தளத்தின் பக்கத்தில் போர்வெல் போட்டபோது பயிற்சி விமானங்களைப் பார்த்த ஆசை ஏற்கனவே மனசுக்குள் கிடந்தது.

கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பிளஸ் டூவில் பிசிக்ஸும் மேத்ஸும் வேண்டும் என்றார்கள். லாரி கேபினில் உட்கார்ந்தே படித்துத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டையும் எழுதித் தேறினான். பிறகு மெடிக்கல், அதாவது உடல்தகுதிப் பரிசோதனை. ஆரம்பத்துக்கு கிளாஸ் டூ போதும். ஆனால் நான் எல்லோரிடமும் கிளாஸ் ஒன்னுக்கான பரிசோதனையையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடச் சொல்வேன், ஏனென்றால் கமர்ஷியலுக்கு அதுதான் வேண்டும். பாதி வழியில் கண்ணிலோ காதிலோ குறை தெரிந்தால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் கிடைப்பது ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ், எஸ்.பி.எல். பதினாறு வயதும் பத்தாம் வகுப்பும் இருந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் சொல்கிற இடத்தில், சொல்கிற நேரத்தில் மட்டும் பறக்கலாம். அடுத்தது பிரைவேட், பி.பி.எல். நாற்பது மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நம் சொந்தபந்தத்தை ஏற்றிப் பறக்கலாம், காசு வாங்கக் கூடாது. சம்பளத்துக்குப் பறக்க கமர்ஷியல், சி.பி.எல். வேண்டும். அதற்கு இருநூறு மணி நேரம், அதில் நூறு மணி நேரம் நாமே பொறுப்பேற்றுப் பறந்தது. இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல், முந்நூறு நாட்டிக்கல் மைல் தூரப் பயணம் எல்லாம் அதற்குள் அடங்கும். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன், டெக்னிக்கல் என்று பரீட்சைகளும், ரேடியோவில் பேசத் தனி லைசென்ஸும் உண்டு. பெரிய விமானத்துக்கு கேப்டனாக ஏர்லைன் லைசென்ஸ், ஏ.டி.பி.எல்., ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம். விதிகள் அவ்வப்போது மாறும், சேரும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் வாசல்படி முதல் சோலோ. தனியாக ஒரு சுற்று சுற்றி இறங்காதவனுக்கு மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

பூபதியின் அப்பாவும் கெடு வைத்திருந்தார். “தைக்குள்ள தனியாப் பறக்கோணும். இல்லீன்னா பேசாம ரிக்குக்கு வந்துரு கண்ணு.” அப்போது மார்கழி பாதி ஓடியிருந்தது.

3. லேட்

சீஃப் பேசிய மறுநாள் என் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் தினம் ஒரு வரி எழுதுவது என் வழக்கம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்த என் அத்தாவிடமிருந்து (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தொற்றிய பழக்கம் அது. பூபதியைப் பற்றித் தேதி தேதியாகத் திட்டுதான். நான்கு நாள் மட்டும் திட்டு இல்லை, லேண்டிங் எல்லாம் நேர். ஆனால் அந்த நான்கு நாளிலும் வேறொரு திட்டு இருந்தது: ‘இருபது நிமிடம் லேட். பஸ்ஸில் வந்தானாம்.’

அவனைக் கூப்பிட்டேன். குழந்தை இருப்பதால் அவன் ஹாஸ்டலில் தங்காமல் தினமும் வீட்டிலிருந்து வருகிறவன்.

“மத்த நாள் எதுல வர்றே?”

“கார்லதாங்க. நானே ஓட்டிக்கிட்டு வருவனுங்க, ஒன்றரை மணி நேரம். கார உங்க மருமக எடுத்துட்டுப் போற அன்னிக்கு மட்டுந்தான் பஸ்ஸுங்க.” அவன் மனைவி கவிதாவை என்னிடம் அப்படித்தான் சொல்வான்.

“கார் ஓட்டறப்போ இடது கால் என்ன பண்ணும்?”

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “ஏனுங்க மேடம், உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்களா?”

தெரியாது. இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். ஆயிரக்கணக்கான மணி நேரம் விமானம் ஓட்டியவள், வாழ்நாள் முழுக்க டவுன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும்தான் வேலைக்குப் போனேன்.

“தெரியாது. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“கிளட்ச் மிதிக்குமுங்க. வண்டி வேகம் கொறைஞ்சு நிக்கப் போவுதுன்னா, ஆஃப் ஆகாம இருக்கறக்கு...” என்று சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினான். குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

விமானத்தில் கிளட்ச் கிடையாது. இடது பெடலை மிதித்தால் மூக்கு இடது பக்கம் போகும். ஏழெட்டு வருஷம் லாரி ஓட்டிய கால், காலையில் ஒன்றரை மணி நேரம் கிளட்ச் மிதித்துவிட்டு வந்து, வேகம் குறைந்ததும் தன் வேலையைச் செய்திருக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்த எவனும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். நான் மாதக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான்.

4. பின் சீட்

“சோலோ முடியற வரைக்கும் கிளட்ச் இருக்கற எதையும் தொடக் கூடாது. பஸ்” என்றேன்.

மறுநாள் அவன் அப்பா போனில் வந்தார். “ஏனுங்க மேடம், வாசல்ல ஆறு ரிக் வண்டி நிக்குதுங்க. என்ற பையன் பஸ்ஸுக்கு நின்னா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? தொழில் படுத்துருச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“பையன் பறக்கணுமா, ஊர் பேசாம இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பூபதி பஸ்ஸில் வந்தான். கவிதா அவனை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து, குழந்தையையும் முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்டாப்பில் விடுவாள், சாயங்காலம் வந்து கூட்டிப் போவாள். ஊரே பார்த்ததாம். மூன்று நாள் லேண்டிங் நேராக இருந்தது. நாலாம் நாள் மறுபடி இழுத்தது.

“இன்னிக்குக் கார்லயா வந்தே?”

“சத்தியமா பஸ்ஸுதாங்க. டிரைவர் பின்னால சீட்டு கெடைச்சுதுங்க. அவரு மிதிக்க மிதிக்க, என்ற காலும் மிதிச்சுட்டே வந்துச்சுங்க.”

“நாளையிலிருந்து கடைசி சீட்.”

செக் நாள் வந்தது. சீஃப் அவனோடு மூன்று முறை இறங்கினார். மூன்றும் நேர். பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே பூபதி தனியாக இருந்தான்.

அந்த ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிடம்தான் ஆகும். சேர்வராயன் மலைப் பக்கம் திரும்பி, சுற்றி, இறங்கினான். சக்கரம் தொட்டது. வேகம் குறைந்தது. இதோ இப்போதுதான் என்று என் இடது கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. விமானம் நடுக்கோட்டிலேயே ஓடி நின்றது. நான் அழுதேன், மறைக்கவில்லை. சீஃப், “மேடம், உங்க பையன் பாஸ்” என்றார்.

பையன்கள் இரண்டு பக்கெட் தண்ணீரை அவன் தலையில் கொட்டினார்கள். சொட்டச் சொட்ட வாசல் கேட்டுக்கு வந்தால், வெளியே அவன் அப்பா காரோடு நின்றிருந்தார். மகனைக் கட்டிப் பிடித்து, தன் வேட்டி நனைந்ததைக் கூடப் பார்க்காமல், சந்தோஷத்தில் சாவியை நீட்டினார்.

“நீயே ஓட்டு சாமி.”

“நாளைக்கும் ஃப்ளையிங் இருக்குதுங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தான் பூபதி. ஆறு வண்டிக்குச் சொந்தக்காரர் டிரைவர் சீட்டில் ஏறினார்.

ஒருவன் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால், அவன் என் முன்னால் வருவதற்கு முன் என்ன செய்துவிட்டு வருகிறான் என்று கேட்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள இத்தனை வருஷமும் ஒரு லாரிக்காரனும் தேவைப்பட்டார்கள். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, “இங்க எதுல வந்தே?”

பூபதி சி.பி.எல். முடித்து இப்போது ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட். கால் பழகிவிட்டது, காரையும் விமானத்தையும் குழப்பிக்கொள்வதில்லை. போன மாதம் பேசும்போது, இன்னமும் ஊருக்குப் பஸ்ஸில்தான் போகிறேன் என்றான். இப்போதாவது காரில் போகலாமே என்றேன்.

“கார்ல போனா நேரா ஊட்டு வாசல்ல எறங்கிருவனுங்க மேடம். பஸ்ஸுன்னா பாப்பா ஸ்டாப்புல வந்து நிக்கறாளுங்க. பஸ்ஸு திரும்பறப்பவே ஓடியாறா.”